தேர்தல் பலகைகளும் நகரமன்ற விதிகளும்: ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

தேர்தல் நெருங்குங்கால் நம் ஊர்த் தெருக்களில் நாம் கண்டு பழகிய காட்சி ஒன்றுண்டு. திருமணத்திற்கென்றோ பெருநாளுக்கென்றோ முதல்நாள் வெள்ளையடித்த சுவரின் மூலையில், மறுநாள் விடியலில் ஒரு கட்சியின் பெயரும் 'முன்பதிவு' என்னும் சொல்லும் எழுதப்பட்டிருக்கும். பத்து நாள் கழித்து அச்சுவர் முழுவதும் ஒரு சின்னம் நிறைந்துவிடும். எழுதியவர் யார் என்பதை ஊரார் அறிவர். எழுதச் சொன்னவர் வீட்டுக்காரர் அல்லர் என்பதையும் அறிவர். ஆயினும் அத்தெருவழியே செல்லும் புதியவர் ஒருவர், அவ்வீட்டார் இன்ன கட்சியினர் என்றே முடிவு செய்துகொண்டு போவார்.

பொதுமக்கள் பார்வையில் படுமாறு அடையாளம் நிறுவுவது தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைப் பாடும் பட்டினப்பாலை, அந்நகரில் பறந்த பலவகைக் கொடிகளை வரிசைப்படுத்துகின்றது. தெய்வத்திற்கு எடுத்த கொடியும், கல்வியிற் சிறந்த ஆசிரியர் வாதுக்கு அழைத்து உயர்த்திய கொடியும், கலங்களின் மேல் அசையும் கொடியும், கள் விற்கும் மனையின் கொடியும் அங்கு இடம்பெறுகின்றன. இவற்றுள் வாதுக்கு அழைக்கும் கொடி நம் கருத்துக்கு உரியது. தம் கருத்தை ஊரறிய நிறுத்தி, 'மறுப்போர் வருக' என அழைக்கும் அக்கொடியை இன்றைய தேர்தல் பலகையின் மூதாதை எனக் கொள்ளுதல் தவறாகாது. அதனை உயர்த்தியவர் அக்கொள்கைக்கு உரியவரே என்பதும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

அடையாளம் நிறுவும் உரிமைக்கும் ஊரின் ஒழுங்குக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே வரையப்பட வேண்டும்? அதனை வரைகின்ற உள்ளாட்சி மன்றம் எதனைப் பார்க்கலாம்? எதனைப் பார்த்தல் கூடாது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாய்வுக்கு அமெரிக்க நகரங்கள் சிலவற்றின் வழக்குகளை நாம் முதற்கண் எடுத்துக்கொள்கிறோம். அந்நாட்டில் பலகை, தட்டி, சுவரொட்டி ஆகியவற்றிற்கான விதிகளைப் பெரும்பாலும் அந்தந்த நகரமன்றமே வகுக்கின்றது. அவ்விதிகளை எதிர்த்துக் குடிமக்கள் தொடுத்த வழக்குகள் உச்சநீதிமன்றம் வரை சென்று, காரணங்களோடு கூடிய தீர்ப்புகளாக நிலைபெற்றுள்ளன. ஆதலின் பயில்வோர்க்கு அவை தெளிவான பாடமாக அமைகின்றன. அதன்பின் நம் நாட்டு விதிகளை அவற்றோடு ஒப்புநோக்குவோம்.

மூன்று வினாக்கள்

பலகை பற்றிய எந்த விதியும் மூன்று வினாக்களுள் ஒன்றையோ பலவற்றையோ எழுப்புகின்றது. 'எங்கே வைக்கலாம்?' என்பது முதல் வினா. 'எவ்வளவு பெரிதாக, எத்தனை நாள் வைக்கலாம்?' என்பது இரண்டாவது. 'அதில் என்ன எழுதியிருக்கிறது?' என்பது மூன்றாவது. முதலிரண்டும் பலகையின் உடலைப் பற்றியவை. மூன்றாவது அதன் உயிரைப் பற்றியது.

1791-ஆம் ஆண்டு அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட முதல் திருத்தம், பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டத்தை இயற்றலாகாது என்கிறது. இத்தடை நகரமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்பது நீதிமன்றங்களின் முடிபு. எனவே அங்கு நகரமன்றம் ஒரு விதியை வகுக்கும்பொழுது, அஃது உடலை அளக்கின்றதா, உயிரைத் தீண்டுகின்றதா என்பதே முதன்மையான ஆய்வாகிறது. இதனை நான்கு வழக்குகளின் வாயிலாகக் காண்போம்.

பொதுக் கம்பம்: லாஸ் ஏஞ்சல்ஸ் வழக்கு

1979-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமன்றத் தேர்தலில் ரோலண்ட் வின்சென்ட் என்பவர் போட்டியிட்டார். அவர்தம் ஆதரவாளர், 15 அங்குலமும் 44 அங்குலமும் கொண்ட அட்டைகளில் அவர் பெயரை அச்சிட்டு, தெருக் கம்பங்களின் குறுக்குக் கம்பிகளில் மடித்துத் தொங்கவிட்டனர். பொதுச் சொத்தில் எந்த அறிவிப்பையும் ஒட்டலாகாது என்பது அந்நகரின் விதி. ஆகவே நகரப் பணியாளர் அவ்வட்டைகளை அகற்றினர்.

அவ்வாண்டு மார்ச் 1 முதல் 7 வரையிலான ஒரு வாரத்தில் மட்டும் அவர்கள் அகற்றிய அறிவிப்புகள் 1,207. அவற்றுள் வின்சென்ட் ஆதரவு அட்டைகள் 48 மட்டுமே. எஞ்சியவற்றுள் பெரும்பாலன வணிக விளம்பரங்கள். இக்கணக்கு வழக்கின் போக்கை உணர்த்துகின்றது. பணியாளர் கம்பத்தைப் பார்த்தனரேயன்றி, அட்டையில் யார் பெயர் இருக்கிறதெனப் பார்க்கவில்லை. வேட்பாளருக்கும் வணிகருக்கும் ஒரே விதியே செயற்படுத்தப்பட்டது.

1984-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் நகரத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. நீதிபதிகள் அறுவர் ஒருபுறமும் மூவர் மறுபுறமும் நின்றனர். ஊரின் தோற்றத்தைக் காப்பது நகரமன்றத்தின் முறையான நோக்கம் என்றும், விதி எந்தக் கருத்தையும் குறிவைக்கவில்லை என்றும், வேட்பாளருக்குப் பேசவும் துண்டறிக்கை வழங்கவும் தனியார் இடத்தில் பலகை வைக்கவும் வேறு வழிகள் உள்ளன என்றும் பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. அதனை எழுதியவர் நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ். இப்பெயரை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு முற்றம்: லடூ வழக்கு

மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரையடுத்துள்ள சிற்றூர் லடூ. பெரும்பாலும் குடியிருப்புகளே நிறைந்த ஊர் அது. 1990 டிசம்பர் 8-ஆம் நாள், மார்கரெட் கில்லியோ என்னும் பெண்மணி தம் வீட்டின் முன்னுள்ள புல்வெளியில் ஒரு பலகை வைத்தார். இரண்டடிக்கு மூன்றடி அளவினதான அப்பலகை, பாரசீக வளைகுடாவில் போர் வேண்டாவென்று கூறி, அதனை மக்கள் பிரதிநிதிகளிடம் எடுத்துரைக்குமாறு காண்போரைக் கேட்டது. முதற் பலகை காணாமற் போயிற்று. அவர் மீண்டும் வைத்த பலகை தள்ளி வீழ்த்தப்பட்டது. காவல்துறையிடம் முறையிட்டபொழுது, அத்தகைய பலகை வைப்பதே ஊர்விதிப்படி தவறு என்னும் விடை கிடைத்தது. நகரமன்றத்திடம் விலக்கு வேண்டினார், மறுக்கப்பட்டது. அதன்பின்னர் அவர் நீதிமன்றத்தை நாடினார்.

வழக்கு நடைபெறும்பொழுது அவர் வேறொரு செயல் செய்தார். எழுதுதாள் அளவேயுள்ள, அதாவது எட்டரை அங்குலத்திற்குப் பதினோர் அங்குலமான தாளொன்றில் வளைகுடாவில் அமைதி வேண்டும் என்னும் கருத்தை எழுதி, மாடிச் சாளரத்தில் ஒட்டினார். நகரமன்றம் பழைய விதியை நீக்கிப் புதியதொன்றை இயற்றியது. வீடு விற்பனைக்கு என்னும் பலகைக்கும், வழிபாட்டு இல்லங்கள், பள்ளிகள் ஆகியவற்றின் பலகைக்கும் புதிய விதியில் இடமிருந்தது. சாளரத்தில் ஒட்டிய அச்சிறு தாளுக்கு அதில் இடமில்லை.

1994-ஆம் ஆண்டு ஜூன் மாதம் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கில்லியோவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். தீர்ப்பை எழுதியவர், பத்தாண்டுகளுக்கு முன் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திற்குச் சார்பாக எழுதிய அதே ஸ்டீவன்ஸ். அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டாரா எனில், இல்லை எனலாம். முன்னது ஊருக்குச் சொந்தமான கம்பம். பின்னது ஒருவர் தம் வீடு. இடம் மாறியது, ஆகவே முடிபும் மாறியது.

அத்தீர்ப்பு கூறும் காரணங்கள் நம் சிந்தனைக்குரியவை. வீட்டின் முன் வைக்கும் பலகை, செய்தியை மட்டும் சொல்வதில்லை. சொல்பவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. அதே சொற்களை வேறோர் இடத்தில் வைத்தால் அப்பொருள் கிட்டாது. அமைதி வேண்டும் என்று போரில் மைந்தனை இழந்த தாயின் வீட்டுச் சாளரம் கூறுவதும், கடைத்தெருவின் ஒரு தூண் கூறுவதும் ஒன்றாகா என்பதை நாமும் எளிதில் உணரலாம். மேலும் இது செலவு குறைந்த முறை. செய்தித்தாளில் விளம்பரம் செய்யப் பொருளில்லாத எளியவருக்கு ஒரு தாளும் ஒரு சாளரமும் போதும். தேர்தல் காலத்தில் தாம் இன்ன வேட்பாளரை ஆதரிக்கிறோம் என்பதைக் குடிமக்கள் அண்டை அயலாருக்கு அறிவிக்கும் வழியும் இதுவே என நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. தம் வீட்டின் அழகும் மதிப்பும் கெட வேண்டும் என எவரும் விரும்பார்; ஆதலால் வீட்டு முற்றங்கள் பலகைகளால் நிரம்பிவிடும் என்று நகரமன்றம் அஞ்சத் தேவையில்லை என்பதும் அதன் கருத்து. முழுத்தடையைவிட மென்மையான வழிகளால் நகரமன்றம் ஒழுங்கைக் காக்கலாம் என்றும் அது கூறியது.

காலக் கெடு: டகோமா வழக்கு

தேர்தல் பலகைக்கே உரிய விதி ஒன்றுண்டு. தேர்தலுக்கு இத்தனை நாள் முன்னரே வைக்கலாம் என்னும் காலக் கெடு அது. வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரில் இக்கெடு 60 நாளாக இருந்தது. 1993-ஆம் ஆண்டு அம்மாநில உச்சநீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது.

மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு 60 நாள் போதுமானதாகத் தோன்றலாம். ஆயின் பெயர் பெற்ற தலைவர்க்கும் பதவியிலிருப்போர்க்கும் விளம்பரமே வேண்டுவதில்லை. ஊரறியாத புதியவர்க்கோ தம் பெயரை மக்கள் மனத்தில் பதியவைக்க நாள் பல வேண்டும். எல்லார்க்கும் பொதுவெனத் தோன்றும் விதி, வலியவரைத் தீண்டாது எளியவரை மட்டும் அழுத்துவது இங்ஙனமே. விதியை வகுப்போர் அதன் சொல்லைப் பார்ப்பதோடு அமையாமல், அது யார் தோளில் போய் இறங்குகிறது என்பதையும் பார்த்தல் வேண்டும்.

சொல்லை அளந்த விதி: கில்பர்ட் வழக்கு

அரிசோனா மாநிலத்தின் கில்பர்ட் என்னும் ஊர் பலகைகளை வகை வகையாகப் பிரித்தது. கொள்கை கூறும் பலகை 20 சதுர அடி வரை இருக்கலாம், நாட்கணக்கு இல்லை. தேர்தல் பலகை குடியிருப்பு மனையில் 16 சதுர அடியும், பிற இடங்களில் 32 சதுர அடியும் இருக்கலாம். முதனிலைத் தேர்தலுக்கு 60 நாள் முன்னர் வைத்து, பொதுத்தேர்தல் முடிந்து 15 நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்கு வழிகாட்டும் தற்காலிகப் பலகையோ 6 சதுர அடியைத் தாண்டலாகாது. நிகழ்ச்சிக்கு 12 மணி நேரம் முன்னரே வைக்கலாம். முடிந்த ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

அவ்வூரில் தனக்கெனக் கட்டடம் இல்லாத சிறிய கிறித்தவச் சபை ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் முதலிய இடங்களில் மாறி மாறி வழிபாடு நடத்திய அச்சபை, இவ்வாரம் வழிபாடு எங்கே என்பதை அறிவிக்க வாரந்தோறும் 15 முதல் 20 சிறு பலகைகளை வைத்தது. காலக்கெடுவை மீறியதாக அச்சபைமீது இருமுறை குற்றஞ்சாட்டப்பட்டது. பலகை ஒன்றும் எடுத்துச் செல்லப்பட்டது.

2015-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென அறிவித்தது. ஒன்பது நீதிபதிகளும் முடிபில் ஒன்றுபட்டனர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸின் வாதம் எளிமையானது. ஒரு பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்த பின்னரே அதன் அளவும் நாளும் முடிவாகுமாயின், அவ்விதி கருத்தை ஒட்டிப் பாகுபாடு செய்கின்றது. அழகும் போக்குவரத்துப் பாதுகாப்புமே நோக்கமெனில், 32 சதுர அடித் தேர்தல் பலகையைவிட 6 சதுர அடி வழிகாட்டிப் பலகை எவ்வாறு மிகுந்த கேடு விளைக்கும் என்பதற்கு ஊரிடம் தக்க விடையில்லை.

இக்கோட்பாட்டிற்கும் ஓர் எல்லை உண்டு. 2022-ஆம் ஆண்டு டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகர வழக்கில், பலகை தான் நிற்கும் இடத்திலுள்ள தொழிலைப் பற்றியதா, வேறிடத்ததைப் பற்றியதா எனப் பிரிப்பது இடத்தைச் சார்ந்த பிரிவே என்றும், அதனை அறியப் பலகையைப் படிக்க நேர்வதனாலேயே அது கருத்தைக் குறிவைத்ததாகாது என்றும் அதே நீதிமன்றம் விளக்கியது.

வாக்குச்சாவடியின் வாயில்

இடத்தைப் பற்றிய விதி மிகக் கடுமையாக இருப்பதற்கு உரிய இடம் ஒன்றுண்டெனில், அது வாக்குச்சாவடியே. டென்னசி மாநிலத்தில் வாக்குச்சாவடி வாயிலிலிருந்து 100 அடிக்குள் தேர்தல் பலகை வைப்பதும் ஆதரவு திரட்டுவதும் தடுக்கப்பட்டிருந்தன. 1992-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் இத்தடையை ஏற்றது. அச்சமின்றி வாக்களிக்கும் உரிமையைக் காக்க, அவ்விடத்தில் பேச்சுரிமை சற்றே ஒதுங்கி நிற்கலாம் என்பது அதன் கருத்து.

நம் நாட்டில் இவ்வெல்லை இன்னும் விரிந்தது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு, வாக்குப்பதிவு நாளில் சாவடியிலிருந்து 100 மீட்டர் தொலைவுக்குள் வாக்குக் கேட்பதையும் தேர்தல் தொடர்பான அறிவிப்பையோ சின்னத்தையோ காட்டுவதையும் தடை செய்கின்றது. அவ்வெல்லைக்குள் இருப்பது பொது இடமாயினும் தனியார் இடமாயினும் விதி ஒன்றே.

நம் நாட்டு விதிகள்

இனி நம் நாட்டு நிலையைக் காண்போம். தேர்தல் நடத்தை விதிகள் 1960-ஆம் ஆண்டு கேரளச் சட்டமன்றத் தேர்தலின்பொழுது அரும்பியவை. கட்சிகளின் இசைவால் வளர்ந்த அவ்விதிகள், 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக விளங்கிய டி.என். சேஷன் காலத்தில் கண்டிப்புடன் செயற்படுத்தப்பட்டமையை மூத்தோர் நினைவுகூர்வர்.

நம் பொருளுக்கு நேரே உரிய விதிகள் மூன்றனை அவற்றில் காண்கிறோம். எவருடைய நிலத்திலும், கட்டடத்திலும், சுற்றுச்சுவரிலும் அவர்தம் அனுமதியின்றிக் கொடிக்கம்பம் நடுதல், பதாகை கட்டுதல், அறிவிப்பு ஒட்டுதல், முழக்கம் எழுதுதல் ஆகியவற்றைச் செய்யத் தம் தொண்டர்களை எந்தக் கட்சியும் வேட்பாளரும் விடலாகாது என்பது ஒன்று. ஒரு கட்சியின் சுவரொட்டியை மற்றொரு கட்சியினர் கிழித்தெறியலாகாது என்பது இரண்டாவது. பள்ளிவாசல், கோயில், தேவாலயம் முதலிய வழிபாட்டிடங்களைத் தேர்தல் பரப்புரைக் களமாக்கலாகாது என்பது மூன்றாவது.

இவற்றோடு, மேற்கூறிய சட்டத்தின் 127அ பிரிவு, தேர்தல் சுவரொட்டியிலும் துண்டறிக்கையிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும் என்கிறது. மீறுவோர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். முகமறியாது பிறரை இழித்துரைப்போரைத் தடுக்கும் ஏற்பாடு இது. பேசுக, ஆயின் பேசுபவர் யாரெனத் தெரியப் பேசுக என்பது இதன் உட்கிடை.

அரசுக் கட்டடங்களில் எழுதுதலும் ஒட்டுதலும் கூடா. தனியார் சுவரைப் பொறுத்தவரை, அவ்விடத்து உள்ளாட்சிச் சட்டம் தடை செய்திருக்குமாயின் உரிமையாளர் இசைந்தாலும் எழுதலாகாது என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். தமிழகத்தில் பொதுப்பார்வைக்குரிய இடங்கள் உருக்குலைவதைத் தடுக்கவென்றே 1959-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

இத்தகைய விதிகள் வெறும் அழகுணர்ச்சியின் விளைவு எனக் கருதுவோர், 2019 செப்டம்பர் 12-ஆம் நாளை நினைத்தல் வேண்டும். சென்னைப் பள்ளிக்கரணையில், சாலை நடுவே அனுமதியின்றி வைக்கப்பட்ட பதாகை ஒன்று, இருசக்கர வண்டியில் சென்ற 23 வயதுப் பெண் பொறியாளர்மீது சரிந்து விழுந்தது. நிலைதடுமாறி வீழ்ந்த அவர்மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியதால் உயிரிழந்தார். அது தேர்தல் பதாகையன்று. அரசியல் பிரமுகர் ஒருவர் இல்லத் திருமணத்திற்காக வைத்தது. ஆயினும் சாலைக்கு எல்லாப் பதாகையும் ஒன்றே. இடத்தைப் பற்றிய விதி யாரைக் காக்கிறது என்பதை அந்நாள் நமக்கு உணர்த்திவிட்டது.

ஒப்புநோக்கு

இருநாட்டு நிலைகளையும் அருகருகே வைத்து நோக்குங்கால், ஒரு வேறுபாடு தெளிவாகப் புலனாகிறது. லடூவில் வீட்டுக்காரர் பேச விரும்பினார்; நகரமன்றம் அவரைப் பேசாதிருக்கச் சொன்னது. நம் தெருவிலோ வீட்டுக்காரர் பேசாதிருக்க விரும்புகிறார். பிறர் வந்து அவர் சுவரின் வாயிலாகப் பேசிவிடுகின்றனர். அங்குச் சட்டம் வீட்டின் நாவைக் கட்டவிழ்க்க வேண்டியிருந்தது. இங்கு அந்நாவைப் பிறர் இரவல் பெறாமல் காக்க வேண்டியிருக்கிறது.

இரண்டையும் ஆழ்ந்து நோக்கின், உரிமை ஒன்றே என்பது தெளிவாகும். வீட்டின் பலகை சொல்பவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது என்று லடூ தீர்ப்பு கண்ட உண்மையே இவ்விரண்டிற்கும் அடிப்படை. அவ்வுண்மையினாலேயே கில்லியோவின் தாளுக்கு மதிப்பு உண்டாயிற்று. அதே உண்மையினாலேயே, நம் ஊரில் அனுமதியின்றி எழுதிய சுவர் வீட்டுக்காரருக்குத் தீங்கு செய்கிறது. அவர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக ஊர் நம்புகிறது. தேர்தல் முடிந்தபின் வென்றவரும் தோற்றவரும் ஒருவரையொருவர் மறந்துவிடலாம். அச்சுவருக்குரிய கைம்பெண் ஒருத்தி, வென்றவர் அலுவலகத்தில் சான்றிதழ் கேட்டு நிற்கும்பொழுது அச்சுவர் நினைவுகூரப்படலாம்.

இங்கு 'அனுமதி' என்னும் சொல்லை நாம் உற்றுநோக்க வேண்டும். பத்து இளைஞர் சுண்ணாம்பு வாளியோடு வந்து நின்று, 'அம்மா, சுவரில் எழுதிக்கொள்கிறோம்' என்கின்றனர். அவ்வம்மையார் 'சரி' என்கிறார். அச்சொல் இசைவினின்று பிறந்ததா, அச்சத்தினின்று பிறந்ததா? தேர்தல் ஆணையம் இதனை உணர்ந்தே, ஒருவர் தம் சொந்த இடத்தில் கொடியோ பதாகையோ வைக்கலாம், ஆனால் அது அவர்தம் விருப்பத்தால், எவர் வற்புறுத்தலுமின்றி, பிறர்க்கு இடையூறின்றி அமைதல் வேண்டும் என்று வரையறுத்துள்ளது. எழுத்து மூலமான இசைவைக் கேட்பதன் பொருளும் இதுவே. ஒரு தாளில் கையொப்பமிடுமாறு கேட்கும் வேளையில், மறுப்பதற்கும் ஓர் இடைவெளி கிடைக்கின்றது.

மற்றொன்றையும் நடுநிலையோடு கூறுதல் வேண்டும். நகர்ப்புறத்தில் சுவரெழுத்து முற்றிலும் தடுக்கப்படும்பொழுது, தாமே விரும்பித் தம் சுவரில் எழுத நினைக்கும் குடிமகனின் வழியும் அடைபடுகின்றது. பெருஞ்செலவில் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் விளம்பரம் செய்யவல்ல கட்சிக்கு இதனால் இழப்பில்லை. தம் வாயிற்புறம் ஒன்றையே ஊடகமாகக் கொண்ட எளிய சுயேச்சை வேட்பாளருக்கு இழப்புண்டு. டகோமா வழக்கில் கண்ட பாடம் இங்கும் பொருந்தும். சொந்தச் சுவரில், சிறிய அளவில், வற்புறுத்தலின்றி எழுதுவோர்க்கு இடம் விட்டு, பொதுச் சாலையிலும் பிறர் சுவரிலும் கண்டிப்புக் காட்டும் விதியே இரு உரிமைகளையும் காக்கும் என்பது நம் கருத்து.

நாம் கொள்ளத்தக்கன

மாணவர்களுள் பலர் தேர்தல் காலத்தில் பசை வாளியும் தூரிகையும் ஏந்தும் நிலையை அடைவர். அரசியலில் ஈடுபடுவது குற்றமன்று. அறிவுடையோர் ஈடுபட வேண்டிய துறையே அது. ஆயின் ஒரு சுவரைத் தொடுமுன் அதற்குரியவரைக் கேளுங்கள், தனியே கேளுங்கள், கூட்டமாகச் சென்று கேளாதீர்கள். இசைவை எழுத்தில் பெறுங்கள். மறுத்தால் முகம் சுளிக்காது திரும்புங்கள். தேர்தல் முடிந்தபின் எழுதியவரே சென்று வெள்ளையடித்துக் கொடுங்கள்.

ஜமாஅத் பெரியோர்களும் ஒன்றைக் கருதுதல் வேண்டும். பள்ளிவாசல், மதரசா ஆகியவற்றின் சுற்றுச்சுவர் எந்த ஒருவருக்கும் உரிய சுவரன்று. அதற்குள் தொழுவோர் பல கருத்தினர். அச்சுவரில் ஒரு சின்னத்தை எழுத விடுவது, அவ்வனைவர் சார்பிலும் ஒருவர் பேசிவிடுவதாகும். நட்பினாலோ நன்றியினாலோ இசைவளிக்கும் நிலை நேர்ந்தாலும், அவ்விசைவை வழங்கும் உரிமை நிருவாகத்தார் எவர்க்கும் இல்லை என்பதை எடுத்துச் சொல்லி மறுப்பதே முறை. கல்விக்கூடங்களின் சுவருக்கும் இஃது ஒக்கும்.

உள்ளாட்சி மன்றங்களில் உறுப்பினராக அமர்வோர், விதி வகுக்குங்கால் இம்மூன்று வினாக்களையும் நினைவில் வைப்பாராக. எங்கே என்று கேளுங்கள். எவ்வளவு என்று கேளுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேளாதீர்கள். ஆளுங்கட்சியின் பதாகைக்கும் எதிர்க்கட்சியின் பதாகைக்கும் ஒரே நாளில் ஒரே ஏணியை எடுத்துச் செல்லும் பணியாளரே நேர்மையான விதியின் அடையாளம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிபுகள் பெறப்படுகின்றன. பொதுச் சாலையும் பொதுக் கம்பமும் ஊருக்கு உரியன. அங்கு நகரமன்றம் தடைவிதிக்கலாம், ஆனால் எல்லார்க்கும் ஒருபடித்தாக விதிக்க வேண்டும். வீடும் முற்றமும் குடிமகனுக்கு உரியன. அங்கு முழுத்தடை பொருந்தாது. காலக் கெடுவும் அளவும் எளியவர்மீது மட்டும் சுமையாகாமல் பார்த்தல் வேண்டும். வாக்குச்சாவடியின் வாயில் அமைதிக்குரியது.

இவை எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு வீட்டின் சுவர் பேசினாலும் பேசாதிருந்தாலும், அது வீட்டுக்காரரின் விருப்பமாகவே இருத்தல் வேண்டும். மாடிச் சாளரத்தில் ஒரு சிறு தாளை ஒட்டிய பெண்மணிக்காக ஒரு நாட்டின் உச்சநீதிமன்றம் கூடி ஆராய்ந்தது. நம் தெருவில் வெள்ளையடித்த சுவரை வெள்ளையாகவே வைத்திருக்க விரும்பும் அம்மையாருக்காக நீதிமன்றம் கூட வேண்டுவதில்லை. வாளியோடு வரும் இளைஞர் ஒருவர் கதவைத் தட்டிக் கேட்டு, அவர் வேண்டாமென்றதும் திரும்பிச் சென்றால் போதும். அவ்விளைஞர் நம் மாணவராக இருப்பாராயின், அவர் கற்ற கல்வியும் பயன் பெற்றதாகும்.